கண்டும் தொட்டும் கற்ற கல்வி: மும்பையில் மருத்துவப் பயிற்சியின் வரலாறு

தாராவியில் வாழும் தமிழர்க்குச் சயான் மருத்துவமனையை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. பிள்ளைப்பேறு என்றாலும், விடாத காய்ச்சல் என்றாலும், பட்டறையிலோ இரயில் பாதையிலோ நேர்ந்த விபத்து என்றாலும் அவர்தம் கால்கள் அத்திசையை நோக்கியே செல்லும். லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்பது அதன் முழுப்பெயர். 1947-ஆம் ஆண்டில் ஐம்பது படுக்கைகளோடு அது தொடங்கிற்று. 1964-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவக் கல்லூரியும் அதனோடு இணைந்தது. ஆகவே தாராவியின் பிள்ளைகள் ஒரு மருத்துவக் கல்லூரியின் வாயிலருகே பிறந்து வளர்கின்றனர் என்று கூறினால் அது மிகையன்று. ஆயினும் அவ்வாயிலினுள் அவர்கள் நுழைவது நோயாளியாக. அன்றேல் நோயாளிக்குச் சோற்றுப் பாத்திரம் ஏந்திச் செல்பவராக. நாமும் ஒருநாள் இங்கே பயிலலாம் என்னும் எண்ணத்தோடு அவ்வாயிலை நோக்குகிற பள்ளிச் சிறுவர் சிறுமியர் எத்தனை பேர்?

பள்ளி மாணவர்க்கு மருத்துவத் தொழிலின்பால் நாட்டம் உண்டாவது எவ்வாறு? நூலினாலா, ஆசிரியரின் சொல்லினாலா, அன்றிக் கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் பழகுவதினாலா? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இம்மாநகரத்தின் வரலாறே விடை பகர்கின்றது.

அந்நாளில் பம்பாய் என்று வழங்கிய இந்நகரில் 1826-ஆம் ஆண்டு இந்தியர்க்கென ஒரு மருத்துவப் பள்ளி நிறுவப்பெற்றது. ஜான் மக்லென்னன் என்னும் ஆங்கில அரசின் மருத்துவர் அதன் பொறுப்பை ஏற்றார். மாணவர்க்குத் தத்தம் மொழியிலேயே பாடம் சொல்ல வேண்டும் என்னும் கருத்துடன், மராத்தி, குஜராத்தி, இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் மருத்துவ நூல்களை எழுதுவிக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார். நோக்கம் நல்லதே. ஆயினும் ஆறே ஆண்டுகளில், 1832-இல், அப்பள்ளி மூடப்பட்டது. அதன் பயன் போதாது என்று மேலிடத்தார் கருதினர். இந்தியர்க்கு மேனாட்டு மருத்துவம் கைவராது என்று பேசுவோர்க்கு இது நல்வாய்ப்பாக அமைந்தது.

அம்முடிவை ஏற்காதவர் இருவர். ஒருவர் 1835-இல் ஆளுநராக வந்த சர் ராபர்ட் கிராண்ட். மற்றவர் அவருடைய மருத்துவராயிருந்த சார்லஸ் மோர்ஹெட். எடின்பரோவில் பட்டம் பெற்ற மோர்ஹெட், பின்னர்ப் பாரிஸ் நகரஞ்சென்று பியேர் லூயி என்னும் பேராசிரியரிடம் பயின்றவர். நோயாளியின் படுக்கையருகே நின்று, கண்டதைக் கண்டவாறே குறித்து, பல நோயாளிகளின் குறிப்புகளை எண்ணி ஒப்பிட்டு, அதன் பின்னரே முடிவு கூறவேண்டும் என்பது லூயியின் நெறி. அந்நெறியை மோர்ஹெட் பம்பாய்க்குக் கொணர்ந்தார். புதிதாக அமையும் கல்லூரிக்கு இரண்டு செய்திகள் இன்றியமையாதன என்று அவர் உறுதி கொண்டிருந்தார். மாணவர் முன்னரே நல்ல பள்ளிக் கல்வி பெற்றவராயிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கல்லூரியை ஒட்டியே மருத்துவமனை இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

ராபர்ட் கிராண்ட் தம் எண்ணம் நிறைவேறுவதைக் காணாமலே 1838-இல் மறைந்தார். அவர் பெயராலேயே கல்லூரி அமைந்தது. மருத்துவமனைக்குப் பார்சி வணிகப் பெருமகனார் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வழங்க முன்வந்தார். 1843-இல் அடிக்கல் நாட்டி, 1845-இல் கிராண்ட் மருத்துவக் கல்லூரியும் ஜே. ஜே. மருத்துவமனையும் அருகருகே திறக்கப்பெற்றன. மோர்ஹெட் கல்லூரியின் முதல் முதல்வரானார்.

அங்கே சேர்ந்த இளைஞர்கள் யாவர்? நேற்று வரை பள்ளிப் பலகையில் அமர்ந்திருந்தோர். பிணத்தைத் தொடுவதே தீட்டு என்று கருதிய குடும்பங்களில் வளர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். கல்கத்தாவில் 1836-ஆம் ஆண்டு மதுசூதன குப்தர் என்னும் ஆயுர்வேத அறிஞர் மனித உடலை அறுத்துக் கற்கத் துணிந்தது அக்காலத்தில் எத்துணைப் பெரிய செய்தி என்பதை எண்ணிப் பாருங்கள். அதன் பின் பத்தாண்டுகள் கூடக் கழியாத நிலையில் பம்பாயின் இளைஞர் அறுவை அறையிற் புகுந்தனர். பின்னர் நோயாளிகளின் கூடத்திற் புகுந்து, நாடி பார்த்தும், மார்பில் காது வைத்துக் கேட்டும், நாள்தோறும் நோயின் போக்கைக் குறிப்பெழுதியும் பயின்றனர். மோர்ஹெட் 1856-இல் வெளியிட்ட இந்திய நோய்கள் பற்றிய பெருநூல், மருத்துவமனைப் படுக்கைகளருகே திரட்டிய இத்தகைய குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டதே.

1851-ஆம் ஆண்டில் முதல் அணியினர் தேறி வெளிவந்தனர். அவர்களுள் ஒருவர் பாவ் தாஜி. எல்பின்ஸ்டன் கல்வி நிலையத்தில் ஆசிரியராயிருந்தவர், அப்பணியை விட்டு மீண்டும் மாணவரானவர். மருத்துவராகிய பின் ஏழைகட்கு மருந்தளித்தார். தொழுநோய்க்கு மருந்து காண முயன்றார். கல்வெட்டுகளையும் பழங்காசுகளையும் ஆராய்ந்தார். நகரத்தின் ஷெரீபாக இருமுறை விளங்கினார். மற்றொருவர் ஆத்மாராம் பாண்டுரங். 1867-இல் பிரார்த்தனை சமாஜத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர். மாட்டுங்காவில் வாழும் தமிழன்பர்கள் காய்கறி வாங்கவும் கோயிலுக்குச் செல்லவும் நாள்தோறும் நடக்கின்ற பாவ் தாஜி சாலை, அம்முதல் அணி மாணவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அச்சாலையில் நடந்து பள்ளி செல்லும் நம் பிள்ளைகளுக்கு அப்பெயரின் வரலாற்றை யாரேனும் சொல்லியிருக்கிறார்களா?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். 1826-ஆம் ஆண்டுப் பள்ளி தாய்மொழியில் கற்பித்தது, தோற்றது. 1845-ஆம் ஆண்டுக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது, வென்றது. ஆகவே மொழியே வெற்றி தோல்விக்குக் காரணம் என்று கொள்ளலாமா? அந்நாளில் பலரும் அவ்வாறே கொண்டனர். அது பிழை என்பதற்குச் சான்று தமிழ் நிலத்திலேயே உண்டு. அதனை அறிய, பம்பாயை விட்டுச் சிறிது நேரம் யாழ்ப்பாணத்திற்குச் செல்வோம்.

கிராண்ட் கல்லூரி திறந்த இரண்டாண்டுகளில், 1847-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கி, உள்ளூர் இளைஞர் சிலரைத் தம்முடன் வைத்துக்கொண்டு பயிற்றலானார். மருத்துவமனையே வகுப்பறை, வரும் நோயாளிகளே பாடம். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் அரசு உத்தியோகத்தை நாடிச் செல்வதையும், கிராம மக்கள் மருத்துவரின்றி இருந்தபடியே இருப்பதையும் அவர் கண்டார். தாயகம் சென்று 1862-இல் மீண்டு வந்தபின், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முடிவு செய்தார்.

நூல்கள் இல்லை, கலைச்சொற்கள் இல்லை. கிறீனும் அவர்தம் மாணவர்களும் அவற்றை ஆக்கினர். 1857-இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867-இல் ‘இரணவைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’, 1883-இல் ‘மனுஷ சுகரணம்’ என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவற்றின் பக்கங்களைக் கூட்டினால் நாலாயிரத்துக்கும் மேலாகும். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழில் பயின்றோர். 1873-இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு அகன்றார். தாம் தமிழர்க்கு மருத்துவராயிருந்தமையைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்று விரும்பினார். 1884-இல் அவர் மறைந்தபின் அவ்வாறே பொறிக்கப்பட்டது.

மானிப்பாயும் பம்பாயும் இருவேறு மொழிகளில் கற்பித்தன. இரண்டிடத்தும் பொதுவாயிருந்தவை, அடிப்படைப் பள்ளிக் கல்வியும் நோயாளியின் அருகில் நின்று பெற்ற பயிற்சியுமே ஆகும். அவை இரண்டும் இருந்தவிடத்து மொழி தடையாகவில்லை. தமிழ்வழியில் பயிலும் தம் பிள்ளை மருத்துவராதல் இயலாது என்று அயல் மாநிலத்தில் மனங்கலங்கும் பெற்றோர் இதனை நினைவில் இருத்த வேண்டும்.

இனி மீண்டும் பம்பாய்க்கு வருவோம். யாரை அருகில் விடுகிறோமோ அவரே கற்கின்றார் என்பதற்குப் பெண்களின் வரலாறு தக்க சான்று. கிராண்ட் கல்லூரி திறந்து ஏறத்தாழ நாற்பதாண்டு காலம் பெண்கட்கு அதன் கதவு அடைத்தே கிடந்தது. 1883-இல்தான் அது திறந்தது. அவ்வாண்டிலேயே எடித் பீச்சி என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். 1886-இல் திறக்கப்பெற்ற காமா மருத்துவமனையில் பெண்கட்குப் பெண்களே மருத்துவம் செய்யத் தொடங்கினர். இளமையில் நிகழ்ந்த திருமணத்தை எதிர்த்து நீதிமன்றம் வரை போராடிய ருக்மாபாய் இந்நகரத்துப் பெண்ணே. மருத்துவர் சகாராம் அர்ஜுனின் இல்லத்தில் வளர்ந்தவர். பீச்சியின் ஊக்கத்தால் 1889-இல் இலண்டன் சென்று பயின்று மருத்துவராகத் திரும்பினார். தமிழகத்திலும், புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். கண்முன் ஒரு பெண் மருத்துவரைக் காண்கின்ற சிறுமிக்கு, அத்தொழில் தனக்கும் உரியது என்று தோன்றுவது இயல்பன்றோ?

1896-ஆம் ஆண்டின் பிளேக் நோய் இந்நகரை உலுக்கியது. மாண்ட்வி பகுதியில் அந்நோயை முதன்முதல் அடையாளங் கண்டு அறிவித்தவர், கிராண்ட் கல்லூரியில் பயின்ற அகாசியோ காப்ரியல் வீகாஸ். நோயாளியை நேரில் தொட்டுப் பார்த்த மருத்துவரின் கண்ணுக்குப் புலப்பட்ட உண்மை அது. அவ்வாண்டே பம்பாய் வந்த வால்டெமார் ஹாப்கின், கிராண்ட் கல்லூரியின் ஓர் அறையிலும் அதனையொட்டிய நடையிலும், பயிற்சியற்ற உதவியாளர் சிலரை மட்டுமே துணைக்கொண்டு தடுப்பு மருந்தை ஆக்கினார். 1897 ஜனவரி 10-ஆம் நாள் முதலில் அதனைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பரேலில் உள்ள ஹாப்கின் நிறுவனம் அவ்வுழைப்பின் தொடர்ச்சியே.

அப்பிளேக் நோய்க்கும் நம்மவர் குடியேற்றத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. நெருக்கமான தெருக்களே நோயை வளர்த்தன என்று கருதிய அரசினர் 1898-இல் நகர மேம்பாட்டுப் பொறுப்பாண்மைக் கழகத்தை நிறுவினர். தாதரையும் மாட்டுங்காவையும் அகன்ற சாலைகளோடும் மரங்களோடும் அமைத்தது அக்கழகமே. அங்கே தென்னாட்டுக் குடும்பங்கள் வந்து குடியேறின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. தாராவிக்கோ அத்தகைய திட்டம் எதுவும் வாய்க்கவில்லை. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த நம் மக்கள் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் தாமே குடிசை கட்டி வாழலாயினர். ஒரே மொழி பேசுவோர், ஒரு மைல் இரு மைல் இடைவெளியில், இருவேறு நிலைகளில் வாழ்ந்தனர். பிள்ளைகளின் எதிர்காலத்திலும் அவ்வேற்றுமை படிந்தது.

இதற்கிடையே 1925-இல் பரேலில் சேத் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரி தொடங்கியது; அடுத்த ஆண்டு கே. ஈ. எம். மருத்துவமனை திறக்கப்பெற்றது. இந்தியரே ஆசிரியராயிருத்தல் வேண்டும் என்பது நன்கொடையாளரின் நிபந்தனை. பின்னாளில் குஜராத் மாநிலத்தின் முதல் முதலமைச்சரான ஜீவராஜ் மேத்தா அதன் தொடக்ககாலத் தலைவர். அன்னியர் கையிலிருந்த கல்வியை நம்மவர் தம் கையில் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி அது.

அண்மைக் காலத்துக்கு வருவோமாயின், மருத்துவமனை தன் வாயிலைக் கடந்து மக்களிடம் சென்ற நிகழ்ச்சிகளும் உண்டு. சயான் மருத்துவமனையில் குழந்தை மருத்துவராயிருந்த ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் அங்கே தாய்ப்பால் வங்கியை அமைத்தார். ஆசியக் கண்டத்தில் அதுவே முதலாவது. 1999-இல் அவர் நிறுவிய ‘ஸ்நேகா’ அமைப்பு தாராவியின் தாய்மாரிடையே பணிபுரிகிறது. 2015-இல் அவ்வமைப்பு தாராவியிலேயே நடத்திய கலைக் கண்காட்சியில், அங்கு வாழ்வோரே தம் கையால் ஆக்கிய பொருள்களைக் கொண்டு உடல்நலம் பற்றிய செய்திகளை எடுத்துரைத்தனர்.

செம்பூரை அடுத்த மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. 1974-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தோற்றுவித்த மையம் அது. மாநகராட்சிப் பள்ளிகளிற் பயிலும் ஏழை மாணவரைக் கொண்டு அம்மையத்தார் நடத்திய ஆய்வு நம் கருத்துக்கு அரண் செய்கிறது. அம்மாணவர் பின்தங்கியமைக்கு அறிவுக் குறைவு காரணமன்று. பாடநூலின் கடின நடையும், உற்று நோக்கவும் செய்து பார்க்கவும் வாய்ப்பின்மையுமே பெருங்காரணம். அவற்றைக் களைந்தபோது அவர்தம் தேர்ச்சி உயர்ந்தது. 2008-இல் உலக நாடுகளின் பள்ளி மாணவர் கலந்துகொண்ட உயிரியல் ஒலிம்பியாட் போட்டி மும்பையில் நடைபெற்றபோது அதனை நடத்தியதும் இம்மையமே.

வரலாறு கூறும் இவ்வுண்மையைக் கொண்டு நாம் இன்று செய்யத்தக்கது யாது? பள்ளி மாணவரை நோயாளிகளின் கூடத்துக்குள் கூட்டமாக அழைத்துச் செல்வது முறையன்று. நோயுற்றோரின் நாணத்தையும் அமைதியையும் காப்பதே மருத்துவத்தின் முதற்பாடம். ஆனால் அக்கூடத்துக்கு வெளியே கற்கத்தக்கன பல உள.

மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத்துக்கு நாடி எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அமர்ந்திருக்கையில் ஒரு முறை. படிக்கட்டில் ஏறி வந்த பின் ஒரு முறை. இரண்டையும் எழுதி ஒப்பிட்ட மாணவன், பாரிஸில் லூயி செய்ததைத் தாராவியின் மாடிப்படியில் செய்தவனாவான். தடித்த காகிதத்தைச் சுருட்டி நண்பனின் மார்பில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்; 1816-இல் லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டது அவ்வாறே. புலால் உண்ணும் வீட்டார் கடையில் வாங்கும் ஆட்டின் இதயத்தை ஆசிரியர் அறுத்துக் காட்டினால், நான்கு அறைகளும் அவற்றிடையே உள்ள வால்வுகளும் படத்தைவிடத் தெளிவாய் விளங்கும்; ஏனையோர்க்கு மாதிரி உருவங்கள் உள. காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து, கலக்கக் கற்ற சிறுமி, மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கால் வாடும் தன் தம்பிக்கு அன்றே உதவக்கூடியவள்.

இவ்வாறு பழகிய பிள்ளைகள் அனைவரும் மருத்துவராக வேண்டும் என்பதில்லை. செவிலியர், மருந்தாளுநர், ஆய்வுக்கூடப் பணியாளர், இயன்முறை மருத்துவர், கதிர்ப்படம் எடுப்போர் என்று மருத்துவமனையில் மதிப்புடைய தொழில்கள் பல. அவற்றின் பெயரையே அறியாத பிள்ளை அவற்றை விரும்புவது எங்ஙனம்? மருத்துவக் கல்லூரிக்குரிய நுழைவுத் தேர்வான நீட் இன்று தமிழிலும் எழுதத்தக்கதாயிருக்கிறது. எனினும் அத்தேர்வுக்குப் பதினேழு வயதில் ஆயத்தமாவதற்கு முன், பன்னிரண்டு வயதில் ஆர்வம் முளைத்திருத்தல் வேண்டும்.

அயல் மாநிலங்களில் நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா எடுக்கின்றன, பேச்சுப் போட்டி நடத்துகின்றன, பரிசளிக்கின்றன. அவை அனைத்தும் நன்றே. அவற்றோடு ஆண்டுக்கு ஒரு நாள், நம்மவருள் மருத்துவராகவும் செவிலியராகவும் பணிபுரிவோரை அழைத்து, பிள்ளைகளின் கையில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுக்கச் செய்யலாகாதா? மாட்டுங்காவின் மருத்துவர் தாராவியின் பள்ளிக்கு வருவதும், தாராவியின் பிள்ளை செம்பூரின் ஆய்வுக்கூடத்தைக் காண்பதும் ஒரு பேருந்துப் பயணத்தில் முடியக்கூடியவை. பெருஞ்செலவும் இல்லை.

1845-இல் பம்பாய் இளைஞர் சிலர்க்கு ஒரு கதவு திறந்தது. 1848-இல் மானிப்பாயில் தமிழ் இளைஞர்க்கு ஒரு கதவு திறந்தது. 1883-இல் பெண்கட்குத் திறந்தது. ஒவ்வொரு முறையும், உள்ளே விடப்பட்டவர் தமக்கு அத்தகுதி உண்டு என்பதைத் தம் உழைப்பால் மெய்ப்பித்தனர். சயான் மருத்துவமனைக்குச் சோற்றுப் பாத்திரம் ஏந்திச் செல்லும் தாராவிச் சிறுமிக்கும் அக்கதவு திறக்க வேண்டும். அதற்கு நாம் செய்யத்தக்க முதற்பணி, அவள் விரல்களை அவள் நாடியின் மேல் வைத்து எண்ணக் கற்பிப்பதே.